பார்வையாளர் மாடத்தில் ஒரு காலி இருக்கை

எம்.எல்.ஏ.க்களிடம் உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் கோரிப்பாளையத்து டீக்கடையில் உங்களில் நாலைந்து பேர் என்னைப் பிடித்து நிறுத்தி, "பாய், எங்களுக்கு ஏதாச்சும் சொல்லிக் குடுங்க" என்று கேட்டீர்கள். சிக்னலில் அடைத்து நின்ற பஸ்களின் ஹாரனில் நீங்கள் கேட்டதில் பாதி காதில் விழவில்லை. விழுந்ததற்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. முழங்கால் வலி ஒரு பக்கம், பேச அலுப்பு ஒரு பக்கம். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான், புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பிவிட்டோமே என்று உறுத்தியது. அதனால் இதை எழுதுகிறேன்.

மனுவை எப்படி வாங்குவது, எந்த ஆபீசில் யாரைப் பார்ப்பது, கல்யாணப் பத்திரிகைகளை எப்படி அடுக்கி வைப்பது, இதையெல்லாம் கொஞ்ச நாளில் நீங்களே படித்துக்கொள்வீர்கள். படிக்காவிட்டால் உங்கள் எம்.எல்.ஏ. போடும் சத்தத்தில் தானாக வந்துவிடும். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நம் தொழிலில் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் அது. எம்.எல்.ஏ.வின் வாயாக நாமே பேசிவிடுவது. "அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், அண்ணன் சரின்னுட்டாரு." அண்ணனுக்கு அந்த விஷயமே தெரிந்திருக்காது. "வந்துருவாரு, நீங்க பந்தலப் போடுங்க." அண்ணன் அன்றைக்கு ஊரிலேயே இருக்க மாட்டார். கேட்கிறவருக்குச் சந்தோஷம், நமக்கும் தொல்லை விட்டது. நானும் காலமெல்லாம் இப்படித்தான் வண்டி ஓட்டினேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், இரவில் தங்கும் டவுன் பஸ்ஸை விடுவதாக இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இதே மாதிரி 'சரி' சொல்லி வைத்தார். வந்ததோ ஒரு பஸ். இரண்டு ஊரும் மாலை, கொட்டு சகிதம் ஊர்கள் பிரியும் விலக்கு ரோட்டுக்கு வந்து, பஸ்ஸை ஆளுக்கொரு பக்கம் திருப்பச் சொல்லி மறித்துக்கொண்டார்கள். டிரைவர் சீட்டை விட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து, பஸ்ஸை எந்த ஊருக்கும் விடாமல் டெப்போவுக்கே அனுப்பினார். அப்போது சிரித்துவிட்டு மறந்துவிட்டோம். பெரும்பான்மை உள்ள சட்டமன்றம் இருக்கிற காலத்தில் நம் பொய்க்கு விலை அம்புட்டுத்தான்.

பெரும்பான்மை இல்லாத சட்டமன்றம் ஒன்று வந்தது. இது நடந்து ரொம்பக் காலம் ஆகிவிடவில்லை, இருந்தும் இன்று அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிறந்து முழுதாக ஒரு வருடம் கூட அது இருக்கவில்லை. எந்தக் கட்சிக்கும் போதுமான இடம் கிடைக்காததால், ஒரு அணி சின்னக் கட்சிகளையும் சுயேச்சைகளையும் கூட்டிச் சேர்த்து ஆட்சியில் உட்கார்ந்தது. எதிர் அணி அதே ஆட்களை எப்போது இழுக்கலாம் என்று பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருந்தது. அந்த மாதங்களில் சுயேச்சை எம்.எல்.ஏ. ஒருவர் தொகுதியில் தும்மினால் சென்னையிலிருந்து இரண்டு அணிக்காரர்களும் போன் போட்டு உடம்பை விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட சுயேச்சை ஒருவரிடம்தான் நான் வேலை பார்த்தேன்.

பேரையூர்ப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பத்துப் பெண் அவர். முதலில் ஒன்றியக் கவுன்சிலர், அப்புறம் நேரே எம்.எல்.ஏ. வயதில் எனக்கு ரொம்பச் சின்னவர். ஆனாலும் நான் 'அக்கா' என்றுதான் கூப்பிட்டேன். நம் தொழிலில் வயது பதவிக்குத்தான், ஆளுக்கு இல்லை. பெயர் வேண்டாம், அக்கா என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வீட்டுக்காரர் போர்வெல் வண்டி வைத்திருந்தார். அவரை நான் அண்ணன் என்பேன். சுற்றுவட்டாரத்தில் எந்தக் காட்டில் எத்தனை அடியில் ஈரம் தட்டும் என்று மனப்பாடமாகச் சொல்வார். தண்ணீர் வராத குழிக்குப் பாதிக் கூலிதான் வாங்குவார் என்று நல்ல பெயர். அக்கா ஜெயித்ததில் பாதிக்கு மேல் அவருடைய அலைச்சல். அதை மறைத்து எழுதினால் எனக்குப் பாவம் சேரும்.

ஆனால் ஜெயித்த மறுநாளிலிருந்து ஊரே அவரைத்தான் 'எம்.எல்.ஏ. அண்ணே' என்று கூப்பிட்டது. ஸ்டேஷனில் இருந்து வந்த போன்கூட, "எம்.எல்.ஏ. இருக்காரா?" என்றுதான் கேட்டது. முதல் சில நாட்கள் அவருக்கே கூச்சமாக இருந்தது. "நான் இல்லப்பா, அவதான்" என்று கையைக் காட்டுவார். அப்புறம் காட்டுவதை விட்டுவிட்டார். ஆபீசில் மேஜைக்குப் பின்னால் அக்கா, பக்கத்து நாற்காலியில் அண்ணன். மனு கொடுக்க வருகிறவர்கள் அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மனுவை அண்ணன் கையில் கொடுப்பார்கள். அவர் படித்து, என்னிடம் சொல்லி, நான் எழுதி, அக்கா கையெழுத்துப் போடுவார். நான் அக்காவிடம் நேரடியாகக் கேட்ட கேள்வி என்றால், "சாப்பிட்டீங்களாக்கா?" என்பது ஒன்றுதான்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் முழுக்க அக்காவுடையதாக இருந்தது.

ஆட்சி அமைக்கிற அணியிலிருந்து ஒரு பெரிய மனிதர் ஆதரவு கேட்டு வீட்டுக்கு வந்தார். அண்ணன் ரோடு, கண்மாய், வாரியப் பதவி என்று வரிசையாகக் கேட்கத் தயாராக இருந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்னே அக்கா சொன்னார்:

"எங்க ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில இருக்குற மாதிரி ஒரு மயக்க டாக்டர் வேணும்."

வந்தவர் சிரித்துவிட்டார். "அம்மா, மந்திரி பதவி கேக்குற நேரத்துல மயக்க ஊசி கேக்குறீங்களே?"

"மந்திரி பதவிய வச்சு நான் என்னய்யா பண்றது? ஆதரவு வேணும்னா மொதல்ல ஆர்டர் வரட்டும்."

எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். அங்கே இருந்தவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆபரேஷன் செய்கிற டாக்டர் இருந்தார், கட்டில் இருந்தது, விளக்கு இருந்தது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் மட்டும் இல்லை. அவர் இல்லாமல் வயிற்றைத் திறக்க முடியாது. அதனால் பொழுது சாய்ந்த பிறகு பிரசவம் சிக்கலானால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதைத் தவிர வழி கிடையாது. ஜோதி என்று அக்காவின் தெருவில் ஒரு பெண். தலைப்பிரசவம். ஆம்புலன்சில் கூடப் போனது அக்காதான். அப்போது அவர் கவுன்சிலர். திருமங்கலம் வருவதற்குள்ளேயே முடிந்துவிட்டது. குழந்தையும் தங்கவில்லை. அந்தப் பயணத்தைப் பற்றி அக்கா என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். "எம் மடியிலதான் கெடந்துச்சு பாய். 'இன்னும் எம்புட்டுத் தூரம்க்கா'ன்னு கேட்டுக்கிட்டே வந்துச்சு" என்றார்.

ஆர்டர் வந்தது. பெரும்பான்மை உள்ள ஆட்சியாக இருந்திருந்தால் அந்த ஒரு தாளுக்காக நான் செருப்புத் தேயத் தேயக் கோட்டைக்கு நடந்திருப்பேன். இந்த ஆட்சியில் கேட்ட வேகத்தில் கையெழுத்தாகி வந்தது. ஆனால் டாக்டர் அடுத்த மாதம்தான் வந்து சேருவதாக இருந்தது. தாள் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. அதற்குள் ஆட்சி கவிழ்ந்தால் தாளும் போய்விடும். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும்.

இடையில் சபையில் ஏதோ ஒரு மசோதாவுக்கு வாக்கெடுப்பு வந்தது. பெரிய விஷயம் இல்லை. நாங்கள் உதவியாளர்கள் எல்லாம் எம்.எல்.ஏ. விடுதியில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஆதரிக்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும், வரிசை வரிசையாகத் தலையை எண்ணுவார்கள். அக்காவின் வரிசை வந்தது. எழுந்திருப்பதற்கு முன்னால் அக்கா தலையைத் தூக்கி மேலே பார்த்தார். அப்புறம்தான் எழுந்தார்.

"என்ன பாய், ஒங்க அக்கா சாமியக் கும்பிட்டுத்தான் எந்திரிப்பாங்களோ?" என்று பக்கத்தில் இருந்த ஆள் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே இருந்தது பார்வையாளர் மாடம். அங்கே அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருக்கான நுழைவுச் சீட்டை நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். சபை கூடும் நாள்களில் எல்லாம் அதில் அண்ணன் பெயரை எழுதுவேன், அக்கா கையெழுத்துப் போடுவார். யார் பெயரை எழுதட்டும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அப்புறம்தான் பெரிய கூத்து. எதிர் அணி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. ஆட்சியா, இல்லையா என்று தலை எண்ணும் நாள் குறித்தாகிவிட்டது.

சென்னை ரயிலைப் பிடிக்கப் பேரையூரிலிருந்து மதுரைக்குக் காரில் வந்தோம். அண்ணன் ஓட்டினார். நான் முன் சீட்டில், அக்கா பின் சீட்டில். ஊர் எல்லை தாண்டியதும் அண்ணன் என்னிடம் பேச்சை எடுத்தார்.

"பாய், அக்கா ஓட்டு இந்தத் தடவை எதிர் அணிக்குத்தான். நான் வார்த்தை குடுத்துப்புட்டேன்."

நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அக்கா வெளியே மக்காச்சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, அந்த டாக்டர் ஆர்டர்..." என்று இழுத்தேன்.

"தெரியும் பாய். நான் என்ன கிறுக்கனா? இந்த ஆட்சி எப்புடியும் நிக்காது. இன்னைக்கு இல்லாட்டி ரெண்டு மாசம் கழிச்சு விழுகும். விழுகுறவங்கிட்ட வாங்குன ஆர்டரு எத்தன நாளைக்கு நிக்கும்? வாரவங்கிட்ட வாங்குனா நெலைக்கும். டாக்டர் ஒருத்தர் என்ன, ஆஸ்பத்திரியவே புதுசாக் கட்டிப்புடலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முழுசாகச் சொல்ல முடியாது. தன் ஆதாயத்தையும் அதில் சேர்த்துத்தான் பேசினார், அடுத்த தேர்தலில் அந்த அணியில் இடம் தருவதாக அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் கணக்கு தப்புக் கணக்கு இல்லை.

"அடுத்த மாசம் ஒருத்தி வலி எடுத்து வருவாள்ல? அவளுக்கு என்ன சொல்றது?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டார்.

அண்ணன் திரும்பவில்லை. "நீ சும்மா வா. நான் பாத்துக்கிர்றேன்."

அக்கா சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அண்ணன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். இத்தனை நாளும் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

மதுரை ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி நான் தனியாக நின்ற கொஞ்ச நேரத்தில் என் போன் சூடாகிவிட்டது. ஆட்சி அணியின் ஆள் கூப்பிட்டு, "பாய், அக்கா எங்க பக்கந்தானே?" என்றார். எதிர் அணியின் ஆளும் அதே கேள்வியைக் கேட்டார். இரண்டு பேருக்கும் 'ஆமாங்க' என்று சொல்வது என் வாய்க்குப் பழகிய வேலை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இது பஸ் இல்லை. இந்த முறை நான் சொல்லும் 'சரி'யை நம்பி ஒரு பக்கம் ஆட்சி தப்பிவிட்டது என்று இருக்கும், இன்னொரு பக்கம் மந்திரிசபைப் பட்டியல் போடும்.

"அக்கா இன்னும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலைங்க" என்றேன். இரண்டு பேரிடமும் அதையேதான் சொன்னேன்.

"என்ன பாய், ரேட்ட ஏத்துறீங்களா?" என்றார் ஒருவர். இன்னொருவர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வைத்தார். உண்மையைச் சொன்னால் யாரும் நம்பாத வேலை நம் வேலை. அதற்காக மனம் கசந்து போகாதீர்கள், நம்பாமல் போகிறவர்கள் போகட்டும்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் காலையில் விடுதியில் மாடத்துக்கான நுழைவுச் சீட்டு விண்ணப்பம் கொடுத்தார்கள். கூட்டத்துக்குப் பயந்து, உறுப்பினர் ஒருவருக்கு ஒரே ஒரு பார்வையாளர்தான் என்று சொல்லியிருந்தார்கள். நான் பேனாவை எடுத்தேன். அண்ணன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டும்விட்டேன். அப்போது, அக்கா தலையைத் தூக்கியதை அன்று டி.வி.யில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனேன். அண்ணன் யாரையோ பார்க்க வெளியே போயிருந்தார்.

"அக்கா, நாளைக்குப் பாஸ் யாருக்குப் போடட்டும்?"

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார். கேள்வி விளங்கவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டேன். விளங்கித்தான் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து சேலை முந்தியைக் கொஞ்ச நேரம் மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும் வேணாம் பாய்."

"அக்கா?"

"அந்த எடம் காலியாக் கெடக்கட்டும். நான் தலையத் தூக்கிப் பாத்தா மேல யாரும் இருக்கக் கூடாது."

யாருக்கு ஓட்டுப் போடப்போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது என் வேலை இல்லை. நான் கேட்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டிருந்தேன்.

மறுநாள் காலையில் சட்டசபை வாசலில் அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றார். அக்கா ஏற்கெனவே உள்ளே போய்விட்டார். அண்ணன் சாதாரணமாகக் கையை நீட்டினார். "பாஸக் குடுங்க பாய்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள் பிள்ளைகளே. நம் தொழிலில் கைவசம் பொய் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 'பாஸ் தீந்துருச்சுண்ணே, இன்னைக்கி ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு.' ஒரு வரி போதும், எனக்கும் சேதாரம் இல்லை. ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் அவர் அடுத்த நிமிஷம் எதிர் அணியில் யாரிடமாவது ஒரு பாஸ் வாங்கிக்கொண்டு மேலே போய் உட்கார்ந்திருப்பார். அக்காவும் தலையைத் தூக்கியிருப்பார். உண்மையைச் சொன்னாலும் ஆபத்துதான். உள்ளே ஆள் அனுப்பி, சண்டை போட்டு, பத்திரிகைக்காரர்கள் முன்னால் நாறிவிடும். இரண்டில் எது குறைந்த ஆபத்து என்று யோசிக்க அவகாசம் இல்லை. அவர் கை நீட்டியபடியே இருந்தது.

"பாஸ் போடலைண்ணே" என்றேன். "அக்காகிட்ட கேட்டேன். யாருக்கும் வேணாம்னுட்டாங்க."

முகம் கறுத்தது. "நீங்க எதுக்குக் கேட்டீங்க? எப்பவும் கேட்டா போடுவீங்க?"

"இதுவரைக்கும் கேக்கலண்ணே. அதான் இந்தத் தடவ கேட்டேன்."

என் சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். நல்ல உடல்வாகு கொண்ட மனிதர், குழாய் தூக்கித் தூக்கி இறுகிப்போன கை. பிடிக்கவில்லை. போனை எடுத்தார். யாரையோ கூப்பிடப் போனவர், நிறுத்திவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு கார் நிறுத்தும் இடத்துக்குப் போனார்.

"அவ என்ன சொன்னா? நீங்களாச் சேக்காம, அவ சொன்னத மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் மேலே யாரும் இருக்கக் கூடாது என்பதுவரை ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன்.

அண்ணன் அங்கே நின்ற ஏதோ ஒரு காரின் கதவில் சாய்ந்துகொண்டார். போனை ஜேபியில் போட்டார்.

"கவுன்சிலர் மீட்டிங்குக்கு மொதத் தடவை போனப்ப கைகாலெல்லாம் நடுங்குச்சு பாய் அவளுக்கு. 'நீ பயந்தா நிமிந்து என்னயப் பாரு, நான் வாசல்லயே நிப்பேன்'னு நாந்தான் சொன்னேன். நல்லதுக்குன்னுல்ல சொன்னேன்."

எனக்கு அவர் மேல் இருந்த பயம் அத்தனையும் போய் மனது பாரமாகிவிட்டது. "டீ சாப்புடுறீங்களாண்ணே?" என்று கேட்டேன். சாப்பிட்டார். அன்று அவர் யாரிடமும் பாஸ் கேட்கவில்லை. எதிர் அணிக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் போனை எடுக்கவில்லை.

டீக்கடையில் இருந்த சின்ன டி.வி.யில் நாங்கள் இருவரும் நின்றபடி பார்த்தோம். வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார்கள். அக்காவின் வரிசை வந்தபோது அக்கா தலையைத் தூக்கினார். மாடத்தைப் பார்த்தார். ஒரு நொடி அப்படியே இருந்தார். அப்புறம் ஆட்சியை ஆதரித்து எழுந்து நின்றார்.

ஆட்சி தப்பியது. அக்கா ஒருவரால்தான் தப்பியது என்று சொன்னால் அது கதை. மயிரிழைதான், அந்த மயிரிழையில் அக்காவுக்கும் பங்கு உண்டு.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சண்டை வெடிக்கும் என்று நான் ஒதுங்கி உட்கார்ந்தேன். விழுப்புரம் தாண்டி அண்ணன், "கால் வீங்கியிருக்கே, மேல தூக்கி வச்சு உக்காரு" என்றார். அக்கா காலைத் தூக்கி அவர் பக்கத்து இடத்தில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் பேச்சு. இதற்கு மேல் அந்த வீட்டுக்குள் நடந்தது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. நீங்களும் எம்.எல்.ஏ.வின் வீட்டு வாசலோடு நின்றுகொள்ளப் பழகுங்கள்.

டாக்டர் வந்து சேர்ந்தார். வயது குறைந்த பெண், ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே வீடு எடுத்துத் தங்கினார். அந்தச் சில மாதங்களில் என் போனுக்கு விடிந்ததும் அழைப்பு வரும். "பாய், பொட்டப்புள்ள பெறந்துருக்கு. ஆபரேசன்தான். இங்கனயே பாத்துட்டாங்க, மதுரைக்குப் போகல. அக்காகிட்ட சொல்லிருங்க." உடனே அக்காவுக்குச் சொல்வேன். எந்தச் செய்தியையும் இவ்வளவு ஒழுங்காக நான் கொண்டுபோய்ச் சேர்த்தது இல்லை.

அண்ணன் கணக்குப் போட்ட மாதிரியே ஆட்சி நிற்கவில்லை. வேறு இரண்டு பேர் மாறினார்கள், மாறியவர்களில் ஒருவர் திரும்பவும் மாறினார். கடைசியில் ஓட்டெடுப்பே இல்லாமல் சபையைக் கலைத்துவிட்டார்கள். நான் ஆபீஸ் பெயர்ப்பலகையைக் கழற்றி, துடைத்து, அக்கா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த தேர்தலில் நிற்கவில்லை என்று அக்கா சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இம்புட்டுப் போதும் பாய், அலுத்துருச்சு" என்றார். அண்ணன் நின்றார், ஜெயித்தார். இந்த முறை ஊர் அவரை எம்.எல்.ஏ. என்று கூப்பிட்டதில் தப்பே இல்லை. என்னையும் வேலைக்குக் கூப்பிட்டார். முழங்காலைக் காட்டித் தப்பித்துக்கொண்டேன்.

தேர்தலுக்கு நடுவில் அந்த டாக்டரம்மாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அந்த இடம் அப்படியே காலியாகக் கிடந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதையும் எழுதுவதற்கு முன், பதவிப் பிரமாணம் எடுத்த ஆள் யாரோ அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பதில் சொல்ல நேரமாகும், ஏனென்றால் அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காத்திருங்கள். அப்படிக் கேட்டதால் உலகம் திருந்திவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்படி நினைத்தால் இந்த வேலையில் சீக்கிரம் நொந்து போவீர்கள்.

போன மாதம் அந்த ஆஸ்பத்திரியில் புதிய ஆபரேஷன் தியேட்டர் திறந்தார்கள். அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டார். பளிங்குத் தரை, ஏ.சி., வெளியே அவர் பெயர் பொறித்த கல். என்னையும் அழைத்திருந்தார், போனேன். மேடையில் கலெக்டர், அதிகாரிகள், அண்ணன். அக்கா கீழே பெண்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேடைக்கு வரச் சொல்லி அண்ணன் இரண்டு தடவை மைக்கிலேயே கூப்பிட்டார், அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்துவிட்டார்.

ரிப்பன் வெட்டி, கை தட்டி, எல்லோரும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். புதிதாக வந்திருந்த மயக்க டாக்டரை அண்ணன் அக்காவுக்கு அறிமுகம் செய்தார். "இந்தா, நீ கேட்ட டாக்டரு" என்றார். சொன்னபோது அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது. அக்கா கும்பிட்டார்.

"டாக்டரய்யா, ராத்திரியும் இருப்பீகளா?"

டாக்டர் சங்கடத்தோடு அண்ணனைப் பார்த்தார், அப்புறம் அக்காவைப் பார்த்தார். "இல்லம்மா, ஆர்டர்ல பகல் டியூட்டிதான் போட்டிருக்காங்க. வாரத்துல பாதி நாள் வேற ஊரும் சேத்துப் பாக்கணும்."

அண்ணனுக்கு அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். உடனே, "அதெல்லாம் மாத்திறலாம், நான் பேசுறேன்" என்று போனை எடுத்தார். அதற்குள் யாரோ அவரைப் போட்டோவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

அக்கா அந்தப் பளபளப்பான மேஜையின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"பாய், மதுரைக்குப் போற ரோடு இப்ப எப்புடி இருக்கு?"

"நல்லாப் போட்டுட்டாங்கக்கா."

"திருமங்கலம் வரைக்குமா?"

"ஆமாக்கா. திருமங்கலம் தாண்டியும் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.